தாய்மாருக்குத் தீபாவளிக் குறிப்பு எழுதுவோரே!

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் எமது பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களில் ஒரு கட்டுரை தவறாது வெளிவரும். "வேலைப்பளு மிக்க தாய்மாருக்கு எளிய பண்டிகைக் குறிப்புகள்" என்றோ, அதற்கு அண்மித்த வேறொன்றோ தலைப்பாக இருக்கும். நத்தார் வந்தால் முறுக்கு இருந்த இடத்தில் கேக் வரும். தைப்பொங்கலுக்குக் கேக்கை நீக்கிவிட்டுப் புக்கை வைப்பார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு மீண்டும் பலகாரம். மற்றபடி கட்டுரை ஒன்றுதான். இவற்றை யார் எழுதுகிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். சில ஆண்டுகள் நானே எழுதியிருக்கிறேன், ஒரு பெண்ணின் பெயரில்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் அப்போது இளம் உதவி ஆசிரியனாக இருந்தேன். 1980களின் பிற்பகுதி அது. வார இதழின் மகளிர் பக்கத்துக்கு ஆள் இல்லாத வேளைகளில் அப்பொறுப்பு என் தலையில் விழும். திருமணமாகாதவன், வாடகை அறையில் தங்கியிருந்தவன், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. முறுக்கு உரலைக் கையால் தொட்டறியாத நான் மேசையில் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டி, "பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பட்டியல் போடுங்கள்", "மாவை முன்கூட்டியே பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்", "வேலைகளுக்கு இடையே கால் மணி நேரம் உங்களுக்கென ஒதுக்கி, ஒரு கோப்பை தேநீருடன் அமைதியாக அமருங்கள்" என்றெல்லாம் இலங்கைத் தமிழ்த் தாய்மாருக்கு உபதேசம் செய்தேன்.

அந்த இதழை ஊருக்கும் எடுத்துச் சென்றேன். பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் பிரிகின்ற ஹாலிஎல நகருக்கு அப்பால், தேயிலை மலையொன்றின் மடியில் இருக்கும் லயம் எங்களுடையது. என் தாயார் அத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், எழுத்தறியாதவர். மகன் எழுதியது என்றதும் வாசித்துக் காட்டச் சொன்னார். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. நான் பெருமையோடு முழுவதையும் வாசித்தேன். குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் எந்த நேரத்துல தம்பி செய்யிறது?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அம்மா இன்று இல்லை.

சரி, விடயத்துக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 31ஆம் திகதி வந்தது. அதற்கு முந்திய வாரம் ஊர் சென்றிருந்தேன். எங்கள் பழைய லயத்தில் இப்போது குடியிருக்கும் ஒரு தாயாரோடு அவருடைய ஸ்தோப்பில் அமர்ந்து பேசினேன். மூன்று பிள்ளைகள். அவரது நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

விடியற்காலை நான்கரைக்கு எழும்ப வேண்டும். பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசை. ரொட்டி, சம்பல், பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தயார்படுத்தல், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுதல். ஏழரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிறகு படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு. பகலில் ஒரு நிறுவை, மாலை நான்கரை அளவில் கடைசி நிறுவை. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும் 18 கிலோ, 20 கிலோ என்று விதிக்கப்பட்டிருக்கும் அளவு நிறையாவிட்டால் அன்று அரைப் பேர்தான். லயத்துக்குத் திரும்ப ஐந்தரை ஆகும். வருகிற வழியில் விறகு. அதன் பிறகு சமையல், உடுப்புக் கழுவல், பிள்ளைகளின் பாடம். தலை சாய்ப்பது பத்து மணிக்கு. தீபாவளி வாரத்திலும் இதுதான் நேரசூசி. அத்தோடு முறுக்கு, அதிரசம், வீடு மெழுகல், போர்வை துவைத்தல் எல்லாம் மேலதிகமாகச் சேர்ந்துகொள்ளும்.

அவரது கணவர் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறார். ஆண்களுக்குரிய பல வேலைகள் குறித்த அளவு முடிந்தால் முடிந்தன. பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே வீடு திரும்பிவிடுவோர் பலர். 1984 வரை ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. அந்த ஆண்டு சம்பளம் சமமாயிற்று. நாள் மட்டும் இன்றுவரை சமமாகவில்லை.

இப்போது பணக் கணக்கு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. நீண்ட இழுபறிக்குப் பின்னர் 2024 செப்டெம்பரில் 1350 ரூபா என நிர்ணயமாயிற்று. மாதத்தில் 25 நாள் முழுப் பேர் விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமாகிய 2,700 ரூபா கழிந்தால் 31,050. அதிலிருந்து சங்கச் சந்தா, கோவில் பணம், கடைப் பற்று. 25 நாள் வேலை கிடைப்பதும், எல்லா நாளும் அளவு நிறைவதும் நிச்சயமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் இத்தொகையை 1750 ரூபாவாக்கும் யோசனை வந்தது. அதில் 200 ரூபா அரசாங்கம் தரும் வருகை ஊக்குவிப்பு. நல்லது. ஆனால் பலகாரம் சுடுவதற்காக ஒரு தாய் ஒருநாள் மலைக்குப் போகாமல் நின்றால் அன்று ஊக்குவிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. பண்டிகையின் உண்மையான விலை மாவிலும் எண்ணெயிலும் மட்டும் இல்லை.

தோட்டங்களில் தீபாவளியை நடத்துவது சம்பளமல்ல, முற்பணம். தீபாவளி முற்பணம் என்பது அன்பளிப்பன்று. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழித்துக்கொள்ளப்படும் கடன். அத்தாயார் சொன்னார்: "கழிச்சு முடியிறப்போ அடுத்த தீவாளி வாசல்ல வந்து நிக்கும்." சம்பளமோ மாதத்தின் பத்தாம் திகதி அளவில்தான் கைக்கு வரும். 2024இல் போல் மாதக் கடைசியில் தீபாவளி வந்தால் கையில் எதுவும் இராது. முற்பணம் இரண்டு நாள் பிந்தினால் தோடு அடகுக்குப் போகும். கடைசி நாளில் பணம் கிடைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாலிஎலக்கும் பதுளைக்கும் இறங்கினால், எஞ்சிய துணியைச் சொன்ன விலைக்கு வாங்குவதைத் தவிர வேறு வழி என்ன?

"இரண்டு வாரம் முன்னதாகவே பட்டியல் போடுங்கள்" என்று எழுதினேனே! பட்டியல் போடத் தெரியாத தாய் எவளும் இந்த மலைகளில் இல்லை. பட்டியல் மனத்தில் இருக்கிறது, பணந்தான் இல்லை.

இக்குறிப்புகளில் மறைந்திருக்கும் குற்றச்சாட்டு இதுவே. உன் அவதிக்குக் காரணம் உனக்கு நேரத்தை முகாமை செய்யத் தெரியாமை என்று அவை தாயிடம் சொல்கின்றன. மிக மரியாதையாக, புன்னகையோடு சொல்கின்றன. உண்மை என்ன? நிறுவைத் தராசின் நேரத்தை அவள் தீர்மானிப்பதில்லை. முற்பணத்தின் திகதியை அவள் தீர்மானிப்பதில்லை. பீலியில் தண்ணீர் வருவதும் நிற்பதும் அவள் கையில் இல்லை. தன் கையில் உள்ளவற்றை அவள் எங்களைவிடத் திறமையாகவே நடத்துகிறாள். லயத்துப் பெண்கள் சீட்டுப் பிடித்து, தீபாவளி மாதத்துச் சீட்டை யாருக்கு அவசரமோ அவருக்கு விட்டுக்கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். நான்கு வீட்டார் சேர்ந்து, இன்று உன் அடுப்பு நாளை என் அடுப்பு என்று முறைவைத்து இரவிரவாக முறுக்குப் பிழிவார்கள். ஒருத்தி பிழிய, ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க, ஒருத்தி எல்லா வீட்டுக் குழந்தைகளையும் உறங்கவைப்பாள். எந்த ஆங்கிலச் சஞ்சிகை இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது?

"மகளிர் பக்கம் நகரத்துப் பெண்களுக்கானது, தோட்டத்துப் பெண்கள் அதை வாசிப்பதில்லையே" என்று சக பத்திரிகையாளர்கள் சிலர் சொல்லக்கூடும். முதலாவதாக, இது பழைய கதை. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள். இரண்டாவதாக, நகரத்துத் தாய்க்கு நாம் தரும் குறிப்புகளில் "உதவிக்கு இருப்பவரிடம் வேலைகளைப் பகிர்ந்தளியுங்கள்" என்பதும் ஒன்று. அந்த உதவிக்கு இருப்பவர் யார்? கொழும்பு வீடுகளின் அடுக்களைகளில் வேலை பார்த்துவிட்டு, தீபாவளிக்காவது விடுவார்களா என்று காத்திருந்து, இரவு ரயிலில் நின்றபடியே பதுளைக்கு வரும் மலையகப் பெண்ணும் ஒரு தாய்தான். மூன்றாவதாக, நகரத்துத் தாய்க்கும் நாம் நீதி செய்யவில்லை. அலுவலகம் சென்று களைத்து வருபவளுக்குப் பத்துக் குறிப்புகள் எழுதினோம். அவள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றாவது எழுதினோமா?

இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைத்துறைக்கு வேறொரு மரபும் உண்டு. 1920களில் தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டி, மக்கள் முன் நின்று பாடியவர். அந்தப் பெண்மணி தாய்மாருக்கு உபதேசம் செய்யவில்லை. தாய்மாரின் துயரை அதற்குப் பொறுப்பானவர்களின் காதில் போட்டார். நாமோ திசையைத் திருப்பிக்கொண்டோம்.

ஆகவே, பழைய பாவத்துக்குப் பரிகாரமாக, வேலைப்பளு மிக்க தாய்மாரின் பண்டிகை எளிதாவதற்கான சில குறிப்புகளை இங்கே தருகிறேன். தாய்மார் இவற்றை வாசிக்க வேண்டியதில்லை.

1. தோட்ட நிர்வாகங்களுக்கு: முற்பணத்தைப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னதாக வழங்குங்கள். திகதியைப் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்டுங்கள். கடனாகத் திரும்பப் பெறப்போகும் பணத்தை நாள் கடத்திக் கொடுப்பதால் உங்களுக்கு இலாபமில்லை. அவர்களுக்கோ பெரும் நட்டம். தீபாவளிக்கு முந்திய இரண்டு நாட்களிலேனும் கடைசி நிறுவையை ஒரு மணி நேரம் முன்னதாக முடியுங்கள்.

2. கணவன்மாருக்கு: இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள். விறகும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. போர்வை துவைக்க ஆணின் கைக்கு வலு உண்டு. முற்பணத்தில் ஒரு பங்கு மதுச்சாலைக்குப் போனால் அந்தக் கடனையும் பத்து மாதம் அடைப்பது கொழுந்து பறிக்கும் கைதான்.

3. கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு: தாய்க்குச் சேலை கொண்டுவருவது நல்லதுதான். ஒரு நாள் முன்னதாக வருவது அதைவிட நல்லது. நீங்கள் வந்து இறங்கும்போது பலகாரம் தயாராக இருக்கிறதென்றால், முந்திய இரவு யாரோ உறங்கவில்லை என்று பொருள்.

4. கடல் கடந்து வாழும் எம்மவருக்கு: ஊர்க் கோவிலுக்கு ஒலிபெருக்கியும் கோபுரத்துக்கு வர்ணமும் அனுப்புகிறீர்கள். லயத்துப் பீலிக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் குழாயும் அமைக்க எவ்வளவு செலவாகுமென்று ஒருமுறை விசாரியுங்கள். ஒரு லயத்தின் எல்லாத் தாய்மாருக்கும் தினமும் நேரம் மிச்சமாகும்.

5. அரசாங்கத்துக்கு: "பண்டிகைக்கு வீட்டை அழகுபடுத்துவது எப்படி" என்பது மகளிர் பக்கங்களின் இன்னொரு நிரந்தரத் தலைப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை அழகுபடுத்துவதற்கு முன்னர், அது நிற்கும் மண் உறுதியானதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2014இல் தீபாவளி ஒக்டோபர் 22ஆம் திகதி. சரியாக ஏழு நாள் கழித்து, 29ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போதும் மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஐப்பசியும் கார்த்திகையும் எமக்குப் பண்டிகைக் காலம் மட்டுமல்ல, மண் சரியும் காலமும்கூட. பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடும் அதற்கு உறுதியும் கொடுங்கள். அழகுபடுத்துவதை அந்தத் தாய் பார்த்துக்கொள்வாள்.

6. மகளிர் பக்கப் பொறுப்பாசிரியர்களுக்கு: அடுத்த தீபாவளிக்கு அந்தப் பழைய கட்டுரையைத் தூசு தட்டி எடுக்காதீர்கள். பதிலாக, எந்தெந்தத் தோட்டத்தில் முற்பணம் எந்தத் திகதியில் வழங்கப்பட்டது, எங்கே இன்னும் வழங்கப்படவில்லை என்றொரு பட்டியலை வெளியிடுங்கள். ஊவாவின் தோட்டங்கள் குறித்த பகுதியை நான் திரட்டித் தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இம்முறை என் சொந்தப் பெயரிலேயே எழுதுவேன்.