சங்கிலியை அடகு வைக்கலாமா?

“அக்கா, வெல்டிங் படித்த என் மகனுக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தரவாசம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு முன்பணம் கேட்கிறார். சங்கிலியை அடகு வைக்கலாமா?” என்கிறார் தோட்டத்து வாசகி ஒருவர்.

வேண்டாம் தங்கச்சி. அங்கே நடப்பது புள்ளிக் கணக்கு. குறைந்தது 65 வேண்டும். அதுவும் வரிசையில் நிற்பதற்குத்தான். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 45 ஆகிவிட்டால் வழியில்லை. கைத்தொழிலையும் முன்கூட்டியே அங்குள்ள அமைப்பு மதிப்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது ஆங்கிலம். சாதாரணத் தேர்ச்சிக்குப் புள்ளியே கிடையாது! அதற்கு மேற்படிக்கு 10, உச்சப்படிக்கு 20. இதையெல்லாம் எந்த ஏஜெண்டு வாங்கித் தருவார்? மகனை முதலில் ஆங்கில வகுப்பில் சேருங்கள். ஆமாம், அவன் வயதை எழுதவில்லையே?