பெட்டியா, மாம்பழமா?

சென்ற சனிக்கிழமை மாலை, பழைய நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குச் சென்றிருந்தோம். மேஜைகளைச் சுற்றித் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த வாலிபர்களையும் யுவதிகளையும் பார்த்ததும் அவ்விடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. எல்லோரும் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். முன்பு நம்மிடம் படித்த பெண் ஒருத்தியும் அவர்களில் இருந்தாள்.

"இந்தத் தடவையும் இங்கிலீஷில்தான் போயிற்று, ஸார். ஒன்றரை மார்க். தமிழ் மீடியத்தில் படித்தது என் தலையெழுத்து" என்றாள். இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுதலாம் என்று அவள் தகப்பனார் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஜவுளிக் கடை உத்தியோகம், இல்லாவிட்டால் கலியாணம்.

ஆங்கிலேயர் 1947-ல் மூட்டை கட்டிக்கொண்டார்கள். இலக்கணத்தை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள் போலிருக்கிறது! தமிழ்நாட்டு ஸர்க்காரின் நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு அந்தக் கவலை இல்லை. 2021-ல் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கிய பிறகு, பொது ஆங்கிலம் அதிலிருந்து விலகிவிட்டது. மத்திய ஸர்க்காரின் பட்டதாரிப் பரீட்சையோ அப்படியல்ல. முதற்கட்டத்தில் கேள்விகள் நூறு. அவற்றில் ஆங்கிலம் 25. சரியான விடைக்கு இரண்டு மார்க். தவறினால் அரை மார்க் பறிபோகும். நான்கு விடைகளைக் குருட்டாம்போக்கில் எழுதித் தவறினால், சரியாக எழுதிய ஒன்றின் பலனும் போய்விடும்.

அவள் தவறவிட்ட கேள்விகளில் ஒன்றைப் பார்த்தோம். 'தி பாக்ஸ் ஆஃப் மாங்கோஸ் ஆர் ஹெவி' என்பதில் பிழை எங்கே? பிழையே இல்லை என்று குறித்திருந்தாள். மாங்கோஸ் பன்மை, ஆர் பன்மை, ஆகவே சரி என்பது அவள் வாதம்.

"அம்மா, இதைத் தமிழில் சொல்லு" என்றோம்.

"மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது."

சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள். கனமாக இருப்பது பெட்டி, பெட்டி ஒன்று, ஆகவே 'இஸ்' வரவேண்டும்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். தமிழில் அடைமொழிகளெல்லாம் முன்னே போய்விடும்; தலைமைச் சொல் கடைசியில், வினையை அடுத்து நிற்கும். ஆங்கிலத்திலோ தலைமைச் சொல் முன்னே நின்றுவிட, இடையில் வேறு பெயர்கள் புகுந்துகொண்டு வினையைத் தம் பக்கம் இழுக்கின்றன. 'ஒன் ஆஃப் மை பிரண்ட்ஸ்' என்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பல நண்பர்கள். 'என் நண்பர்களில் ஒருவர்' என்றாலோ அந்த ஒருவர் தாமே முன்வந்து வினையின் கையைப் பிடித்துக்கொள்கிறார். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் விரும்பி வைக்கும் கண்ணி இது. தமிழில் படித்தவர்கள் இதில் விழவேண்டிய அவசியமே இல்லை. (நாமும் பட்டம் பெற்ற வருஷம் ஒரு வங்கிப் பரீட்சையில் இதே மாம்பழத்தை மிதித்து வழுக்கி விழுந்தோம் என்பது வேறு விஷயம்.)

நம் ஜில்லாவின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். பாஷைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடங்களும் உண்டு. 'பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்' என்று பேசிப் பழகிய நாவுக்கு 'டிஸ்கஸ் அபௌட்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த 'அபௌட்' கூடாது. 'நேற்றுப் பார்த்திருக்கிறேன்' என்பது நமக்கு இயல்பு. 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹாவ் ஸீன்' வராது, 'ஸா' என்றே முடிக்கவேண்டும். எதற்கும் 'இல்லையா' என்று ஒரே வாலை ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வால் மாறும். இத்தகைய இடங்களைத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னோம். கெட்டி அட்டைப் புத்தகத்தின் விதிகள் அத்தனையையும் உருப்போடுவதைவிட, தான் தவறிய இருபது இடங்களை அறிந்து வைத்திருப்பது மேல்.

அவள் சும்மா விடுகிறவள் அல்ல. உடனே 'நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ்' என்று ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதைத் தமிழில் சொல்லுங்கள், ஸார்" என்றாள். 'ஆசிரியரும் வரவில்லை, மாணவர்களும் வரவில்லை' என்றோம். 'வரவில்லை' என்ற வினைக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. நம் உபாயம் அங்கே பலிக்கவில்லை. இங்கே மட்டும் அண்டை வீட்டுச் சொல்லுக்குத்தான் வினை அடங்கும், ஆகவே 'வேர்' என்று எழுதவேண்டும் என்று ஒப்புக்கொண்டோம்.

அவள் தன் நோட்டில் அதை இருபத்தோராவதாகக் குறித்துக்கொண்டாள்.