கையில் இல்லாததை விற்றவர்

கையில் இல்லாத சரக்கை விற்காதே என்பது நம் வியாபாரச் சட்டம். நாணயமும் கைக்குக் கை மாற வேண்டும். ஜார்ஜ் சோரோஸின் குவாண்டம் ஃபண்ட் 1992ல் செய்தது என்ன? ஆயிரம் கோடி டாலர் அளவுக்குப் பவுண்டைக் கடன் வாங்கி விற்றது. விலை விழுந்ததும் மலிவாக வாங்கிக் கடனை அடைப்பது திட்டம். செப்டம்பர் 16ல் பிரிட்டன் வட்டியை 10லிருந்து 12 சதவீதமாக்கியது, 15 என்றும் அறிவித்தது. பவுண்டு நிற்கவில்லை. அவருக்கு லாபம் சுமார் நூறு கோடி டாலர்!

இந்த முறையைக் கண்டியுங்கள், இளைஞர்களே. ஆனால் 'யூதர்' என்று பிறப்பை ஏசுவது எதற்கு? 1944ல் புடாபெஸ்டில் நாஜிகளிடமிருந்து தப்பிய சிறுவன் அவர். 1997ல் ரிங்கிட் சரிந்தபோது அவரைச் சாடிய மஹாதிரே, 2006ல் நேரில் சந்தித்து, அந்த நெருக்கடிக்கு அவர் காரணமல்ல என்று ஒப்புக்கொண்டார்.