கைதட்டல் போதாது, கணக்கும் வேண்டும்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் நம் பிள்ளைகள் பெட்டியைத் தட்டி கானா பாடினால் ரயில்வே போலீஸ் வருகிறது. 'ரூட்டு தல' என்று பெயர் எழுதிக்கொள்கிறது. கத்தி எடுப்பவனுக்காக நாம் வாதாடவில்லை; பாடியவனுக்கும் அதே பெயர்தானே வைக்கிறார்கள்? அதே கானாவை ஒரு சிறுவன் தொலைக்காட்சி மேடையில் பாடினால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. பாட்டு ஒன்றுதான். அதை வைத்து யார் காசு பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பூவையாரை நமக்கெல்லாம் தெரியும். 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' ஆறாவது சீசனில் கானா பாடி வந்த சிறுவன். 2019-ல் 'பிகில்' படத்தில் நடித்து, 'வெறித்தனம்' பாட்டில் விஜய்யோடு குரலும் கொடுத்தார். 2021-ல் 'மாஸ்டர்' படத்தில் நடித்தார். நமக்கு அதில் பெருமைதான். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஏப்ரல் 14 மேடையிலும் வளர்ந்த பாட்டு, சபா வாசலில் காத்துக் கிடக்காமல் நேராக ஊரின் நடுவீட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் ஒரு பூவையாரைக் காட்டி மற்ற பிள்ளைகளின் கதையை மறைக்க விடக்கூடாது. சீசன் முடியும், அடுத்த சீசனுக்கு வேறு முகங்கள் வரும். இறங்கிய பிள்ளைக்குக் குரல் உடையும் வயது. பிறகு திருவிழா மேடை, லைட் மியூசிக், கல்யாணக் கச்சேரி. பேனரில் 'டிவி புகழ்' என்று போடுவார்கள். பேசிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு? கேட்டால் சேனல் நிகழ்ச்சி நடத்துபவரைக் காட்டும், அவர் ஏஜென்ட்டைக் காட்டுவார். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் நம் அண்ணன்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுவார்.

"வாய்ப்புக் கொடுத்தார்களே, அதற்கு நன்றி வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கூலி கேட்டவனை நன்றி கெட்டவன் என்பது பண்ணையார் பேச்சு. அது செட்டுக்குள் வந்தாலும் பண்ணையார் பேச்சுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம், கலைஞராக வேலை செய்யும் குழந்தைக்கு விலக்கு தருகிறது. 2017 விதிகள் அதற்கு நிபந்தனை போடுகின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளைத் தாண்டக்கூடாது. படிப்பு கெடக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு, குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாக இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் தொடங்கவே கூடாது. டிவிக்கு மட்டுமல்ல, காசு வாங்கி நடத்தும் மேடை நிகழ்ச்சிக்கும் இதுவே விதி.

இதிலும் ஓட்டை உண்டு. 14 வயது நிறைந்ததும் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். குரல் உடைந்து, சேனல் கைவிட்டு, கச்சேரிக்கு ஓடுகிற வயதும் அதுதான். 18 வரை இதை நீட்டிக்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது வேலை நம் கையிலேயே இருக்கிறது. பூந்தமல்லி வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் வருகிறது. பெரிய படப்பிடிப்புத் தளங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுவோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் குழந்தைக் கலைஞர்களுக்காக எத்தனை அனுமதி கொடுத்தீர்கள்? எத்தனை தளங்களை ஆய்வு செய்தீர்கள்? எத்தனை வைப்புநிதிக் கணக்குகளைச் சரிபார்த்தீர்கள்? குழந்தைகளின் பெயர் நமக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும். 30 நாளில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

கல்லூரிக்கு ஒருவர் போட்டால்கூடப் போதும், தோழர்களே. நம் தெருவிலிருந்து அடுத்த பிள்ளை மைக் பிடிக்கும்போது கைதட்ட ஊரே இருக்கும். கணக்குக் கேட்க நாம்தான் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.