'மே'க்கும் 'ஷல்'லுக்கும் நடுவுல ஒரு காஞ்சிபுரம்காரர்

மோடல் வெர்ப்னு ஸ்கூல்ல நடத்தினது ஞாபகம் இருக்கா மக்களே? 'கேன்' வந்தா முடியும், 'மே' வந்தா லாம், 'மஸ்ட்' வந்தா கட்டாயம். 'ஷல்' எல்லாம் 'ஐ', 'வீ' கூட மட்டும்தான், மத்ததுக்கு 'வில்'. கோடிட்ட இடத்தை நிரப்பினோம், மார்க் வாங்கினோம், மறந்தாச்சு.

இப்படிச் சொல்லிக் கொடுப்பது அரைகுறைங்கறது என் கட்சி. இந்தக் குட்டி வார்த்தைகள் ஒரு செயலைப் பத்திச் சொல்றதை விட, அதிகாரம் யார் கையில இருக்குன்னுதான் அதிகம் சொல்லுது. இதுக்கு உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம், எங்க காஞ்சிபுரத்துலயே இருக்கு.

1909-ல இதே ஊர்ல, நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. 1962 தேர்தல்ல சொந்த ஊர்லயே தோத்துட்டு, அதே வருஷம் மாநிலங்களவைக்குப் போனார். அடுத்த வருஷம் ஆட்சிமொழிச் சட்ட மசோதா வந்தது.

பின்னணி இதுதான். அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவுல மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி, அதுக்கு 'ஷல்'. முதல் 15 வருஷம் ஆங்கிலமும் தொடரணும், அதுக்கும் 'ஷல்'. அந்தக் கெடு 1965 ஜனவரி 26-ல முடியுது. அதுக்கப்புறமும் ஆங்கிலம் வேணும்னா நாடாளுமன்றம் சட்டம் போட்டுக்கலாம்; இங்கே 'மே'. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும்னு நேரு 1959-லயே வாக்குறுதி கொடுத்திருந்தார். அதைச் சட்டமாக்கத்தான் மசோதா. ஆனா 3-வது பிரிவுல, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்'னு எழுதிட்டாங்க. 'மே'!

அண்ணா பிடிச்சது அந்த ஒத்தை வார்த்தையைத்தான். தொடரலாம்னா தொடராமலும் போகலாமே, 'ஷல்'னு மாத்துங்கன்னார். இந்த இடத்துல ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்பது நேரு தரப்பு. ஒரே அர்த்தம்னா 'ஷல்'லையே போடறதுல என்ன கஷ்டம் என்பது அண்ணாவோட கேள்வி.

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். அர்த்தம் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டே வார்த்தையை மாத்த மறுத்தா, அர்த்தம் ஒண்ணு இல்லைன்னுதானே ஆகுது? நேருவோட நேர்மையை நான் சந்தேகப்படலை. நீதிமன்றங்களும் சில இடங்கள்ல 'மே'யை 'ஷல்'னு படிச்சிருக்கு. இங்கிலாந்துல 1880-லயே இதுக்கு ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஆனா சொன்னவர் போயிடுவார், எழுத்து நிக்கும். அந்தச் சட்டம் 1963 மே 10-ம் தேதி 'மே'யோடவே வந்தது (மே மாசத்துல ஒரு மே!). நேரு 1964 மே மாசம் காலமானார். மிச்சம் இருந்தது எழுத்து மட்டும்தான்.

1964 ஜனவரி 25-ல திருச்சியில கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளிச்சார். 1965 ஜனவரியில மாணவர் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, துப்பாக்கிச் சூடு வரை போய், பல உயிர் போச்சு. சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செஞ்சாங்க. எல்லாமே ஒரு வார்த்தையாலன்னு சொன்னா அது மிகை. ஆனா இத்தனை பேரோட பயத்துக்கும் அந்த வார்த்தையில இடம் இருந்தது.

க்ளைமாக்ஸ் இனிமேதான். 1967-ல அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்த வருஷக் கடைசியில திருத்தச் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரி 8-ல ஒப்புதல் வாங்கியது. 3(1)-ல அந்த 'மே' போச்சான்னு பார்த்தா, போகலை! இன்னைக்கும் அங்கேயேதான் இருக்கு. ஆனா சுத்தி 'ஷல்' வேலி போட்டுட்டாங்க. இந்தியை ஆட்சிமொழியா ஏத்துக்காத மாநிலத்தோட மத்திய அரசு ஆங்கிலத்துல கடிதம் எழுத ஒரு 'ஷல்'. தீர்மானம், பொது உத்தரவு, விதி, டெண்டர் எல்லாம் ரெண்டு மொழியிலும் இருக்க ஒரு 'ஷல்'. இந்தியை ஏத்துக்காத எல்லா மாநிலச் சட்டசபைகளும் ஆங்கிலம் வேண்டாம்னு தீர்மானம் போட்டு, அதைப் பரிசீலிச்சு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும் வரை இதெல்லாம் நீடிக்க இன்னொரு 'ஷல்'. முடிவு யார் கையில இருக்குங்கறது அங்கதான் மாறுது.

எங்க பொட்டித் தொழில்ல இந்தச் சண்டையை 1997-லயே தீர்த்துட்டாங்க. ஆர்.எஃப்.சி. 2119னு ரெண்டு மூணு பக்க ஆவணம். 'மஸ்ட்', 'ஷல்' ரெண்டும் கட்டாயம். 'ஷுட்' வந்தா தக்க காரணம் இருந்தா மட்டும் மீறலாம். 'மே' வந்தா உன் இஷ்டம். இன்டர்நெட் விதிமுறைகள் பலதும் இந்த அர்த்தத்துலதான் எழுதப்படுது. ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கவே இவ்வளவு கறார் தேவைப்படும்போது, மத்திய அரசும் மாநிலமும் பேசிக்க வேண்டாமா?

தமிழ் தெரிஞ்சவனுக்கு இது புதுசும் இல்லை. தறிக்காரர் கூலியைக் கூட்டிக் கேட்கிறார், முதலாளி "பாக்கலாம்"கிறார். அந்த 'லாம்' யாரோட லாம்னு தறிக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் :-) அந்தப் புத்தியை இங்கிலீஷ் வகுப்புக்குள்ள கொண்டு வந்தாலே போதும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, கோடிட்ட இடத்தை அப்புறம் நிரப்பிக்கலாம். முதல்ல அந்த 3-வது பிரிவைக் கரும்பலகையில எழுதிப் போட்டு, 'மே' இருந்தா யாருக்கு லாபம், 'ஷல்' இருந்தா யாருக்கு லாபம்னு கேளுங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை கையில வேலைக்கான ஆஃபர் லெட்டர் வரும். 'போனஸ் மே பி பெய்ட்'னு இருக்கும். கையெழுத்து போடும் முன்னாடி, 'ஷல்'னு மாத்தித் தருவீங்களான்னு அது கேட்கணும். மாத்த மாட்டோம்னு பதில் வந்தாலும் நல்லதுதான், அந்த போனஸை நம்பி வண்டிக்கு லோன் போடாது பாருங்க.