வானத்தில் ஒரு சொறிமீன்

"வானத்து வாயுவை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்? கடல் தொழில் செய்கிற வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு?" பௌதிகம் படிக்க ஆசைப்படும் தோழியர் சிலர் தம் வீட்டில் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை கூறவே இச்சிறு கட்டுரை.

நம் பாட்டனார் கரையில் நின்றபடியே முத்தைக் கண்டார்களா? இல்லை. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிப் பாரில் தேடினார்கள். வானத்திலும் கரையில் நின்று காணமுடியாதவை உண்டு. சூடான இளம் நட்சத்திரங்கள் புறஊதாக் கதிரை மிகுதியாக வீசுகின்றன. அதில் பெரும்பகுதியை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு அது நன்மையே. ஆராய்ச்சிக்கோ அது ஒரு திரை. ஆகவே தொலைநோக்கி மேலே போகவேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட், சுமார் 650 கி.மீ. உயரத்தில் நிலைநிறுத்தப்பட்டது. அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கியைப் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிலையத்தார் முன்னின்று உருவாக்கினர். அதைக் கொண்டு ஜே.ஓ.201 என்ற நட்சத்திர மண்டலத்தை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். 70 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அம்மண்டலம், பல மண்டலங்கள் சேர்ந்த ஏபெல் 85 என்னும் கூட்டத்தின் கொதிக்கும் வாயுவுக்குள் அதிவேகமாகப் பாய்கிறது. கடற்காற்றை எதிர்த்து நடக்கையில் தாவணி பின்னால் பறப்பதுபோல், அதன் வாயு பின்னோக்கி இழுபடுகிறது. நம் வலையில் சிக்கும் சொறிமீனின் விழுதுகளைப் போன்ற தோற்றம்! விஞ்ஞானிகளும் இத்தகையவற்றை 'ஜெல்லிமீன்' மண்டலங்கள் என்றே அழைக்கின்றனர். பிய்ந்துபோன அந்த வாயுவிலும் புது நட்சத்திரங்கள் பிறந்திருப்பதைப் புறஊதாக் கதிர் காட்டிக்கொடுத்தது.

வாயுவே நட்சத்திரங்களின் மூலப்பொருள். அதை முற்றும் இழந்த மண்டலத்தில் புது நட்சத்திரம் பிறவாது. நம் சூரியனும் வாயுவில் பிறந்ததே. எனவே இது நாம் வந்த வழியைத் தேடும் படிப்பு. நாளைக்கே இது உலை வைக்காது என்பது உண்மைதான். ஆனால் உலைக்கு உதவுவதை மட்டுமே கற்பது கல்வியாகுமா?

நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் எழும்போது மொட்டைமாடியில் நின்று கைதட்டுவது மட்டுமா நம் பங்கு? அஸ்ட்ரோசாட் திரட்டிய தகவல்கள், எவரும் எடுத்து ஆராயும்படி 2018இல் திறந்துவிடப்பட்டன. அதற்கு வேண்டியவை கணிதமும் பௌதிகமும் பொறுமையுமே.

அன்புள்ள பெற்றோரே! நம் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. தேடும் துணிவும் அதோடு நின்றுபோக வேண்டுமா? ஆழத்தில் இறங்க அஞ்சாதவர்களின் பேத்திகள் நாங்கள். உயரே செல்ல எங்களுக்கு விடை கொடுங்கள்.