எந்த வரியில் நிற்கிறாய்?

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை இரவு. புக்கிட் பாஞ்சாங்கில் நான் தங்கியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். எதிரே கணிதப் பயிற்சித்தாள். மறுநாள் காலை 10 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆறு கேள்விகளில் இரண்டுதான் முடிந்திருந்தன. அன்று மழையில் காலணி நனைந்திருந்தது. பகுதிநேர வேலையில் ஏச்சும் வாங்கியிருந்தேன். அம்மாவின் அழைப்பை எடுக்கவும் மனமில்லை. 170ஆம் எண் பேருந்தைப் பிடித்து ஜொகூருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

என் அறைத்தோழன் இறங்கி வந்தான். "கவலைப்படாதே, உன்னால் முடியும்" என்று அவன் சொல்லவில்லை. வாங்கி வந்த தே பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "எந்த வரியிலடா நிக்கிற?" என்று கேட்டான்.

"மூணாவது வரி."

"நான் நாலாவதுல நிக்கிறேன். தள்ளி உட்காரு."

அன்று இரவு ஒன்றரை மணிக்கு ஐந்து கேள்விகள் முடிந்தன. ஆறாவது இருவருக்குமே வரவில்லை. அப்படியே ஒப்படைத்தோம். அந்தப் பாடத்தில் நான் தேறியதற்கு அந்தக் கல்மேசைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 'தொகுதி எண் மேலே, பகுதி எண் கீழே' என்றுதான் பின்னம் எனக்கு அறிமுகமானது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே பின்னம் 'பெச்சஹான்' ஆனது. இங்கு வந்ததும் 'பிராக்‌ஷன்' ஆகிவிட்டது. இன்றும் வாய்ப்பாட்டை மனத்துக்குள் தமிழில்தான் சொல்லிக்கொள்கிறேன். விரிவுரையில் எல்லாரும் தலையாட்டும்போது நான் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பேன். கை தூக்கிக் கேட்கக் கூச்சம். கேட்டால், "தமிழ்ப்பள்ளிப் பையன், அதனால்தான்" என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பயம் இருந்தது.

இந்தப் பயம் எனக்கு மட்டும் உரியதா? சிங்கப்பூரில் இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி குறித்த கவலையில்தான் 1991இல் சிண்டா தொடங்கப்பட்டது. அதன் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளில் படித்து வந்தவர்கள் நம் பேரவையிலேயே இருப்பார்கள். ஆனால் துணைப்பாட ஆசிரியர் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் நம்மோடு இருப்பார். வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடியவர் நண்பர் மட்டுமே.

கணித மேதை என்றால் தனியே உட்கார்ந்து சிந்திப்பவர் என்று எண்ணுகிறோம். இராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று, கல்லூரிப் படிப்பை முடிக்காமல், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இருவரும் மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். இராமானுஜன் இரண்டு வரியில் விடைக்குத் தாவிவிடுவார். நடுவில் விட்ட படிகளையும் எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று நாராயண ஐயர் விடாமல் வற்புறுத்தினாராம். மேலதிகாரியாக இருந்தும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதத்தை உலகமே அறியும். அந்தச் சிலேட்டுகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களிடம் ஊக்கம் இல்லை, குடும்பத்தில் அக்கறை இல்லை என்றெல்லாம் பலர் காரணம் சொன்னார்கள். அவர் கண்டது வேறு. அந்த மாணவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள், முதலில் தனியே போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். கடினமான கணக்குகளைச் சேர்ந்து செய்யும் குழுக்களை டிரைஸ்மன் ஏற்படுத்தியதும், அவற்றில் சேர்ந்த மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

"இங்கே பெல் கர்வ் இருக்கிறதே? நண்பனுக்குச் சொல்லிக் கொடுத்தால் என் தரம் குறையாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். பல நூறு பேர் எழுதும் தேர்வில், ஒரு நண்பன் முன்னேறுவதால் நம் இடம் எவ்வளவு மாறிவிடும்? ஆனால் அவனுக்கு விளக்கப் போகும்போதுதான் நமக்கே எது தெரியாது என்பது வெளிப்படும். என் தோழனுக்கு அன்று நான்காவது வரி புரிந்தது, எனக்கு மூன்றாவது வரியை அவன் விளக்கிய பிறகுதான்.

ஒன்றை மறுக்க முடியாது. விடைத்தாளை அனுப்பி "பார்த்து எழுதிக்கொள்" என்பது உதவியே அல்ல. வெறும் "உன்னால் முடியும்" என்பதும் போதாது. அது கேட்பவனை இன்னும் தனியனாக்கும். முடியும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று அவன் மருகுவான்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் வேறொரு நண்பன். முதலாம் ஆண்டில் எங்களோடு மேடை நாடகத்தில் நடித்தான். "படிப்பு எப்படிடா?" என்று கேட்டால், "ஓகே லா" என்பான். நாங்களும் "நீ சமாளிச்சிடுவே" என்று தோளைத் தட்டிவிட்டு ஒத்திகைக்குப் போனோம். இரண்டாம் பருவத்தில் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். எங்களுக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்துத்தான். அவனது வசனங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவன் எந்தப் பாடத்தில் திணறினான் என்பது மட்டும் தெரியாது.

வள்ளுவர் நட்பைப் பற்றி 79ஆம் அதிகாரம் தொடங்கி 83 வரை ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அவற்றை நம் மேடைகளில் அழகாக முழங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கிய பிறகு? நாடகமும் பட்டிமன்றமும் நடத்தத் தெரிந்த நமக்கு, வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசையைப் பிடித்து வைப்பது பெரிய காரியமா? அதற்கு நிதி வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். புரியாத கணக்கோடு யாரும் வரலாம் என்பது மட்டும் விதி. மூத்த மாணவர்கள் தங்களுக்குப் புரியாததையும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. முதலாம் ஆண்டு மாணவரின் கூச்சம் அப்போதுதான் விலகும்.

இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களே, உங்களையும் அன்று யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரையேற்றியிருப்பார். ஒரு மாலை வந்து அந்தக் கதையைச் சொல்லுங்கள். உடன் பயிலும் நண்பர்களே, இந்த வாரம் யாராவது "ஓகே லா" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வரியில் நிற்கிறான் என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.